அசையாத கோடு

பழைய பரீட்சைத் தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியைக் காலி செய்து, வெள்ளையடித்து, கண்ணாடித் தடுப்புகள் போட்டு, ‘புத்தாக்க மையம்’ என்று பலகை மாட்டியிருந்தது பல்கலைக்கழகம். அதில் மூன்றாவது தடுப்பு அழகுமீனாவின் கம்பெனி. கம்பெனி என்றால் அவள், கூடப் படித்த தஹ்மீனா, இரண்டு மேசை, ஒரு கணினி, அவ்வளவுதான். மையத்தை நடத்திய பேராசிரியர் காசிராஜன், யார் வந்தாலும் முதலில் அந்தத் தடுப்புக்குத்தான் கூட்டிவருவார். “ஆராய்ச்சி அலமாரியில தூங்கக் கூடாது சார், கடைத்தெருவுக்கு வரணும். இந்தப் பிள்ளைக கொண்டாந்திருக்காக, பாருங்க” என்பார். வந்தவர்கள் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து அழகுமீனா நாற்காலியில் உட்காரவே இல்லை. கணினிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். திரையில் இரண்டு கோடுகள். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் இருக்கும் வெப்பத்தைக் காட்டுவது சிவப்பு. அதே அறைக் காற்றின் ஈரத்தைக் காட்டுவது நீலம். சிவப்பு பகலில் ஏறி ராத்திரி இறங்கிக்கொண்டிருந்தது. நீலம் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“என்னடி, கோயில் யானை மாதிரி ஆடிக்கிட்டே இருக்க?” என்றாள் தஹ்மீனா.

“மழை ஆரம்பிச்சிருச்சு. நேத்து சிவகாசியில தூத்தல். ஈரக்கோடு ஏறணும்ல? செத்தது மாதிரி கெடக்கு.”

“எங்கத்தா மல்லி மூட்டை எடை போடும்போது தராசு முள்ளு ஆடாம நின்னா என்ன செய்வாக தெரியுமா? சந்தோசப்பட மாட்டாக. ஒரு தட்டு தட்டுவாக.” தஹ்மீனாவின் தகப்பனார் அலி அக்பருக்கு விருதுநகர் பஜாரில் மல்லி, வத்தல் மண்டி.

“நான் இங்கன இருந்து எப்பிடித் தட்ட?”

“எப்ப இருந்து இப்பிடி?”

“ஆயுத பூசை அன்னைக்கு மத்தியானத்துல இருந்து.”

“அன்னைக்கு ஆலை லீவு. யாரும் உள்ள போயிருக்க மாட்டாக. மறுநா வந்து தொறந்திருப்பாக. என்ன கெட்டுச்சு?” என்று தஹ்மீனா கேட்டாள். அழகுமீனா மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

அலுமினியத் தூள், வெடியுப்பு, கந்தகம் எல்லாம் சேர்ந்த கலவையை அந்தப் பக்கத்தில் மருந்து என்பார்கள். மருந்துக்கு ஈரம் ஆகாது. ஈரம் குடித்த மருந்து கிடந்த இடத்திலேயே தானாகச் சூடேறும்; முழுக்கத் தண்ணீரில் மூழ்கடித்தால்தான் அடங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழகுமீனாவின் அண்ணன் மாரீஸ்வரனுக்கும் தெரியவில்லை. அவன் அந்த ஆலையின் போர்மேன். மழை பெய்த மறுநாள் விடிகாலை, முந்தின நாள் மிஞ்சிய மருந்தை எடுக்கப் போனான். அவள் அப்போது பல்கலைக்கழகத்தில் நெல் கிட்டங்கிகளுக்கு ஈரமானி செய்யும் ஆராய்ச்சியில் இருந்தாள். அண்ணனின் காரியம் முடிந்து திரும்பி வந்தவள் நெல்லை விட்டுவிட்டாள். என்ன செய்தால் கலவை அறைக்குப் பொருந்தும் என்று அன்றைக்குத் தொடங்கிய நடைதான் இன்னும் நிற்கவில்லை.

அப்படி உருவானது அந்தப் பெட்டி. மின்சாரச் சாமான் எதுவும் கலவை அறைக்குள் போகக் கூடாது என்பதால் பெட்டி சுவருக்கு வெளியே இருக்கும். சுவரில் ஒரு துளை. அதன் வழியாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு சல்லடை முகம் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். ஈரம் கூடினால் வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், கால் வைக்கக் கூடாது. இல்லையென்றால் பச்சை. ஆலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மாரீசு. “மாரீசு பச்சை காட்டிட்டான், வாங்கலே” என்றுதான் காலையில் வேலையைத் தொடங்குவார்களாம். கேள்விப்பட்ட அன்று அழகுமீனா கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒப்பந்தம். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. பெட்டியைச் செய்து விற்கும் உரிமையைக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று வாங்குகிறது. தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறக்கும்போது விற்பனைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பரிசோதனைக் கூடத்தில் ஓடுவது போதாது, உண்மையான இடத்தில் சில மாதமாவது ஓடிக் காட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டதால்தான் விஸ்வநத்தத்தில் பெட்டியை மாட்டியதே.

காசிராஜன் ஒப்பந்த நகலோடு உள்ளே வந்தார். அழகுமீனா திரையைக் காட்டிச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“கோடு ஆடலைன்னா நல்லதுதானம்மா? ஈரமே இல்லைன்னுதானே அர்த்தம்.”

“அர்த்தம் அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல சார்.”

“கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணுக்குக் காய்ச்சல் வர்ற மாதிரிதான் இது. எனக்கும் எல்லாக் கையெழுத்துக்கு முந்தியும் வரும். அடுத்த வாரம் அங்கீகாரக் குழு வருது. இந்த மையத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு பொருளாவது வெளிய போயிருக்கான்னு முதல் கேள்வியே கேப்பாங்க. இல்லைன்னா கண்ணாடியைப் பிரிச்சுட்டுப் பரீட்சைத் தாளத் திரும்ப அடுக்கிருவாங்க. வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கு.”

அவர் போனதும் ஆலைப் போர்மேன் பாண்டிமுருகனைப் போனில் கூப்பிட்டாள். மாரீஸ்வரனுக்குக் கீழே வேலை பழகி, அவனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்.

“நல்லாருக்கீகளா அண்ணே? பெட்டி எப்பிடி இருக்கு?”

“ராசா கணக்கா இருக்கான் தாயி. பச்சைதான், பச்சையத் தவிர வேற இல்ல. நீ கவலப்படாத. நாளைக்கு என்னமோ பெரிய ஆளுகெல்லாம் வாராகளாமே? பட்டுச்சீல கட்டிக்கிட்டுப் போ” என்று சிரித்தார். பின்னால், ஆலை வாசலில் யாரோ லோடு ஏற்றும் சத்தம். போனை வைத்துவிட்டார்.

அவள் வீடு இருந்த ஆமத்தூரில் அன்றைக்கு ராத்திரி முழுக்க மழை. விடியும் முன்னே அழகுமீனா எழுந்து கணினியைத் திறந்து பார்த்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நீலக் கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அம்மா ராக்காயி குளித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வழக்கப்படி சந்தனம் குழைத்துக்கொண்டு மாரீஸ்வரனின் படத்துக்கு முன்னால் நின்றாள். போன வாரத்துச் சந்தனம் கண்ணாடியில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள், லேசில் வரவில்லை. “சிமிண்டு கணக்கா ஒட்டிக்கிருது” என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையை நனைத்துத் தேய்த்துவிட்டு, நெற்றியில் புதுப் பொட்டு வைத்தாள். நனைந்த கண்ணாடியில் விரல் வழுக்கியதில் சந்தனம் அகலமாகி ஒரு கண்ணை மூடிக்கொண்டது.

அழகுமீனா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுத பூசை. ஆலையில் தராசுக்குச் சந்தனம் வைத்திருப்பார்கள், சல்லடைக்கு வைத்திருப்பார்கள், கதவுக்கு, தண்ணீர் வாளிக்கு. பெட்டிக்கு வைக்காமல் விடுவார்களா? அதிலும் அந்தப் பெயர் வைத்த பெட்டிக்கு.

பாண்டிமுருகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் எல்லாருடைய போனும் கிடக்கும். மணி அடிக்கிறது என்றால் அவர் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார் என்று அர்த்தம். வெயில் ஏறும் முன்னே மருந்து கலந்துவிட வேண்டும் என்பதால் அந்த அறையில் வேலை விடியும்போதே தொடங்கிவிடும்.

“எங்கனத்தா இந்நேரத்துல? காப்பி குடிச்சுட்டுப் போ” என்று ராக்காயி வாசலுக்கு வருவதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அச்சகங்களுக்குப் போகும் காகிதச் சுருள் லாரி ஒன்று, முந்தவும் விடாமல் ஒதுங்கவும் செய்யாமல் திருத்தங்கல் வரைக்கும் அவளுக்கு முன்னால் ஊர்ந்தது. அடுத்து ஒரு ரயில்வே கேட். அடைத்திருந்தது. இரண்டு கையும் பிடியில் இருக்க, கால் மட்டும் தார்ச் சாலையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மினி பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, “தங்கச்சி, தட்டித் தட்டி ரோட்டுல குழி போட்ராதீக” என்றார்.

ஆலை வாசலில் காவலாளி கருத்தப்பாண்டி குடையோடு வந்தான்.

“வாங்கக்கா. என்ன, நனைஞ்சு...”

“அண்ணன் உள்ள போயிட்டாகளா?”

“இப்பத்தான் போறாக.”

போனைப் பெட்டியில் போட்டாள், செருப்பைக் கழற்றினாள், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காகப் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வைத்து எடுத்ததும் ஓடப் போனாள்.

“அக்கா, ஓடக் கூடாது” என்றான் கருத்தப்பாண்டி.

ஆலைக்குள் ஓடக் கூடாது. விழுந்தாலும் உரசினாலும் ஆபத்து என்று அண்ணன் மாரீஸ்வரன் சின்ன வயதிலேயே சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஊறிப்போன சட்டம் அது. நடந்தாள். வெறுங்காலில், வழுக்கும் பாதையில், அறைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு விட்டுக் கட்டியிருக்கும் அந்தப் பெரிய பொட்டலில், வேப்பங்கன்றுகளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவள் நடந்ததே இல்லை. கடைசி அறையின் வாசலுக்கு மேலே பச்சை எரிந்துகொண்டிருந்தது. பாண்டிமுருகன் வாசற்படியில் ஒரு கால் வைத்திருந்தார்.

“அண்ணே, உள்ள போகாதீக.”

அவர் திரும்பினார். “ஏ, தாயி! பட்டுச்சீல எங்க?”

“உள்ள போகாதீக. கீழ எறங்குங்க.”

“பச்சை எரியுதுல்ல?”

அவள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் சல்லடை முகம் தெரியவில்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். துளையைச் சுற்றி ஒரு முழம் வாடிய செவ்வந்தி.

“நாந்தான் வச்சேன்” என்றார் பாண்டிமுருகன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “வெளிய இருக்கிறது வெறும் ஒடம்பு. இதுதானே மூஞ்சி. மாரீசுக்கு வைக்காம நான் யாருக்கு வைக்க?”

அறையின் மூலையில், சாக்கு போர்த்திய ஒரு தொட்டி இருந்தது.

“அது என்னண்ணே?”

அவர் முகம் மாறியது. “நேத்து பாதி வேலையில மழை பிடிச்சிருச்சு. மிஞ்சின மருந்து. சீசன் தாயி, ஆர்டர் கழுத்துல நிக்கி. மொதலாளி போட்டுவைங்கன்னாரு. முந்தின மாதிரி இருந்தா நான் கேட்டிருப்பேனா? ஒன் அண்ணன் போன பெறகு ஒரு பொட்டு மருந்து ராத்தங்க விட்டதில்ல நாங்க. தண்ணியில கொட்டிருவோம். இப்பத்தான் இவன் இருக்கானே, பச்சை காட்டுறானே, பாத்துக்கிடுவான்னு...”

அழகுமீனா அந்தத் தொட்டியையே பார்த்தாள். பெட்டிக்குக் கண் மறைந்தது ஒன்று. இன்னொன்று, அது இல்லாத காலத்தில் பயந்து கொட்டியதை, அது இருக்கிற தைரியத்தில் வைத்துவிட்டார்கள். இவள் செய்து கொடுத்த தைரியம்.

வாசலுக்கு வெளியே வாளியில் தண்ணீர் இருந்தது. துப்பட்டா நுனியை நனைத்துக்கொண்டு அவள் ஒரு அடி வைக்கும் முன்னே பாண்டிமுருகன் அதைப் பிடுங்கிக்கொண்டார். “ஒங்க ஆத்தாவுக்கு நான் ஒரு தரந்தான் சேதி சொல்ல முடியும்” என்றவர், தொட்டியைத் தொடாமல் சுவரோரமாகப் போய், சந்தனத்தை நனைத்து, ஊறவிட்டு, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல மெள்ளத் துடைத்தார். குங்குமம் கரைந்து சுவரில் வழிந்தது. வெளியே வந்தார். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சை. இன்னும் பச்சை.

“ஒண்ணுமில்ல போல” என்று அவர் வாயெடுத்தபோது சிவப்பு எரிந்தது.

அதற்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து அறைகளில் திரி வெட்டிக்கொண்டிருந்த பெண்களை அவர் கையசைத்தே வெளியேற்றினார். எல்லாரும் நடந்துதான் போனார்கள். தூரத்து மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து தீயணைப்புக் குழாயைப் பிடித்து அறைக்குள் தண்ணீர் பாய்ச்சினார்கள். சாக்கு நனைந்து அமுங்கியதும் உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி, வாசல் வழியாக வந்து தூறலில் கலைந்தது. அழுகிய முட்டை வாடை அடித்தது. அவ்வளவுதான் நடந்தது. கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் சொல்லிப் பார்க்கவும் இல்லை. பாண்டிமுருகன் மண்மேட்டிலேயே உட்கார்ந்து, சந்தனம் ஒட்டியிருந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. மையத்தின் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். காசிராஜன் அவளை நடைவழியிலேயே மறித்தார்.

“என்னம்மா இது கோலம்? அவங்க வந்து உக்காந்திருக்காங்க.”

சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். முகத்தை ஒரு தடவை கையால் வழித்துவிட்டுக்கொண்டார்.

“துடைச்சாச்சுல்ல? துடைச்சதும் சரியா வேலை செஞ்சிருச்சுல்ல? அப்ப பெட்டி நல்ல பெட்டிதான். சந்தனம் வைக்காதீங்கன்னு கையேட்டுல ஒரு வரி சேத்துருவோம். அந்த ஒரு வாரத்த மட்டும் அறிக்கையில இருந்து எடுத்துரு.”

“அவுக வைக்கத்தான் சார் செய்வாக. இந்த ஜில்லாவுல எந்த ஆலையில மாட்டினாலும் அடுத்த பூசைக்கு வைப்பாக.”

“மீனா, இந்த அறைக்காக நான் யாரு யாரு கால்ல விழுந்தேன்னு உனக்குத் தெரியாது.”

“தெரியும் சார்” என்றாள். அது உண்மைதான். அவர் அப்படிச் சொன்னபோது அவளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் கால் கூட்ட அறைப் பக்கமே போயிற்று.

கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் கதிரவன். கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழகுமீனா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தஹ்மீனா கேட்காமலே எழுந்து, திரையில் அந்த வாரத்தைப் பெரிதாக்கினாள். படுத்துக் கிடந்த நீலக் கோடு காலையில் ஒரே செங்குத்தாக எழும்பியிருந்தது.

கதிரவன் வெகுநேரம் அதைப் பார்த்தார். “இது குருடாயிருச்சுன்னு இதுக்கே எப்படிங்க தெரியும்?” என்று கேட்டார்.

“இப்ப தெரியாது.”

“தெரிய வைக்க முடியுமா?”

“முடியும்னு நெனைக்கிறேன். எவ்வளவு நாளாகும்னு சொல்லத் தெரியல.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். கோபப்படவும் இல்லை, பாராட்டவும் இல்லை. முடித்த பிறகு சொல்லுங்கள், அப்போது எங்கள் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார். காப்பியைக் குடித்தார். ஊர் போய்ச் சேர நேரமாகும் என்று எழுந்தார். காசிராஜன் கார் வரைக்கும் அவரோடு போனவர், திரும்பி வரும்போது மூன்றாவது தடுப்புப் பக்கம் பார்க்கவில்லை.

“கண்ணாடியப் பிரிச்சா பிரிக்கட்டும்” என்றாள் தஹ்மீனா. “எங்கத்தா மண்டி மாடி காலியாத்தான் கெடக்கு. என்ன, வத்தல் நெடியில நாள் முச்சூடும் தும்மணும்.”

அழகுமீனா சிரிக்கப் பார்த்தாள். “விஸ்வநத்தத்துப் பெட்டிய அணைச்சுட்டு வந்துட்டேன் தஹ்மி. விளக்கே இல்லாட்டி பழைய பயம் வந்துரும்ல?” என்றாள். பிறகு மேசையிலிருந்த மாதிரிப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆமத்தூரில் சாயங்கால வெயில் லேசாக அடித்தது. ராக்காயி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“கையெழுத்து ஆகலம்மா.”

“காலையில விஸ்வநத்தத்துல என்னமோன்னு பால்காரன் சொன்னான். ஆளுக?”

“எல்லாரும் நல்லாருக்காக.”

“பாண்டிமுருகன்?”

“நல்லாருக்காக.”

அழகுமீனா அடுப்படித் திண்டில் மாதிரிப் பெட்டியை வைத்தாள். பக்கத்தில் கணினி. நீலக் கோடு அடுப்படியின் ஈரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உலைப்பானை மூடியைத் திறந்தால் துள்ளியது.

“அம்மா, கொஞ்சம் சந்தனம் குழைச்சுக் குடு.”

“எதுக்குத்தா? பூசை முடிஞ்சிருச்சே. எந்தப் பதத்துல வேணும்?”

“காலையில படத்துக்கு வச்ச பதத்துல.”

ராக்காயி சந்தனக் கல்லை எடுத்து வைத்தாள். பிறகு கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை உரைத்தாள். நெற்றியில் வைப்பதுபோலவே மோதிர விரலால் தொட்டு, எங்கே என்று பார்வையால் கேட்டாள். மகள் சல்லடை முகத்தைக் காட்டினாள். வைத்தாள். கோடு இரண்டு தரம் விட்டு விட்டுத் துடித்தது. சந்தனம் காயக் காய அடங்கி நேராயிற்று. அந்த மாதிரிப் பெட்டியின் தலையில் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல எரிந்துகொண்டிருந்தது.

ராக்காயி அதைப் பார்த்தாள். திரும்பிப் படத்தைப் பார்த்தாள். அங்கே போய், காலையில் அகலமாகிவிட்ட பொட்டை ஈரத் துணியால் ஒரு ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். கண் வெளியே வரும்வரைக்கும் துடைத்தாள்.

அழகுமீனா சல்லடையைக் கழுவி, ஊதிக் காய வைத்து, கோடு எழுந்திருக்கும் வரை காத்திருந்தாள். எழுந்தது.

“ஒரு வாய் சாப்புட்டுட்டுச் செய்யேன்” என்றாள் அம்மா.

“சாப்புடுறேன்மா. இன்னொரு தரம் வை” என்றாள் அவள், நின்றுகொண்டே. “இப்ப இன்னும் கொஞ்சம் மெலிசா.”